பர்லியார்ல மங்குஸ்தான் என்ன விலை?

'ஏஞ்சாமி, பர்லியார்ல மங்குஸ்தான் கிலோ என்ன வெலை போடறாங்க?'

ராத்திரி சாப்பிட உட்கார்ந்த அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்டதும் எனக்குத் தோசை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குக் காலையில் பர்லியார் பழக்கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால், கூடையோடு கூடையாகக் குனிந்து ஒளிந்துகொண்டிருந்தது நான்தான். அப்பா ஓட்டி வந்த பஸ் அந்த வளைவைத் தாண்டிப் போகிற வரைக்கும் மூச்சுகூட விடவில்லை. மனுஷர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே வர்ற லாரியையும் பார்த்துக்கொண்டு, ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளையும் பார்த்திருக்கிறார். மலைப் பஸ் டிரைவருக்கு எத்தனை கண் என்று எங்க வீட்டில் யாருக்குமே தெரியாது!

சரி, நான் ஏன் ஒளிந்தேன்? அதுக்கு ஒரு பிரேக் கட்டைதான் காரணம். ஜோடி நாற்பது ரூபாய்க்குக்கூடக் கிடைக்குமே, அந்தக் கட்டைதான். 'இதைப் போய் ஒரு கட்டுரையா எழுதணுமா?' என்று நான் கேட்டபோது, இங்கே பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் ஆபீஸில் அண்ணன் ஒருத்தர் சொன்னார்: 'இருபத்தி ரெண்டாயிரம் ரூபாய் போச்சுன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டுத் திரியறே இல்ல... அதையே எழுதேன்!' அதனால் எழுதுகிறேன். மானம் போனாலும் பரவாயில்லை, உங்கள் வீல் பிழைக்கட்டும்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். ஊர் மேட்டுப்பாளையம், காலேஜ் கோயம்புத்தூர். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்தான் முதல் சைக்கிள். அதில் பிரேக் கட்டை தேய்ந்தால் கடைக்காரத் தாத்தா டப்பாவுக்குள் கையை விட்டு, வந்ததை எடுத்து மாட்டுவார். எந்தக் கட்டை, எந்த ரிம்முக்கு என்றெல்லாம் ஒரு கேள்வியே கிடையாது. இரும்பு ரிம், கறுப்பு ரப்பர், சிவ சிவா என்று நிற்கும். மழையில் நிற்காது. அவ்வளவுதான்!

காலேஜ் வந்ததும் ரோடு பைக் பைத்தியம் பிடித்தது. முதல் வருஷம் டியூஷன் எடுத்த காசில் பழைய அலுமினிய ரோடு பைக் ஒன்றை வாங்கினேன். போன வருஷக் கடைசியில் எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அண்ணன் ஒருத்தர் எம்.எஸ். படிக்க வெளிநாடு கிளம்பினார். போகும்போது வீட்டைக் காலி பண்ணுகிற மாதிரி எல்லாவற்றையும் விற்றார். அதில் ஒரு ஜோடி கார்பன் வீல். 50 மில்லிமீட்டர் ஆழம், கன்னங்கரேல் என்று, தட்டினால் 'டொங்' என்று தபேலா மாதிரி சத்தம். ஸ்டிக்கர் எதுவும் இல்லை. 'சைனாவுல இருந்து நேரா வரவழைச்சது பாப்பா, புதுசுல இதைவிட ரெண்டு மடங்கு' என்றார். இருபத்தி ரெண்டாயிரம். என்னிடம் ஒன்பதாயிரம் இருந்தது. மீதிக்கு அம்மாவின் சீட்டுப் பணம். 'பொறவு மாசா மாசம் திருப்பிக் குடுத்துடோணும்' என்ற ஒப்பந்தத்தின் பேரில்!

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏன் இந்த மாதிரி வீல்கள் இப்போது நம் மாதிரி ஆட்கள் கைக்குக்கூட வருகின்றன என்று. ரோடு ரேஸில் டிஸ்க் பிரேக் போடலாமா கூடாதா என்று ரொம்ப நாள் சண்டை நடந்தது. 2018 ஜூலையில் சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. அதற்கு முழு அனுமதி கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் புதிதாக வருகிற நல்ல ரோடு பைக்குகள் பெரும்பாலும் டிஸ்க்தான். 2020-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த ததேய் பொகாச்சார் ஓட்டியது ரிம் பிரேக் வண்டி என்றாலும், காற்று மாறிவிட்டது. ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற பழைய பிரேக்குக்கான கார்பன் வீல்களைப் பணக்கார அண்ணன்கள் கழற்றி விற்கிறார்கள், நாம் வாங்கிக்கொள்கிறோம். வாங்குகிறவருக்கு வீலோடு அதன் வரலாறும் சேர்ந்து வருகிறது. பெட்டி வராது, கையேடு வராது. 'இதுக்கு எந்தக் கட்டை?' என்ற பதிலும் வராது.

எனக்கு அந்தப் பதில் வந்தது. அதுதான் கொடுமை! வீலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் நாலு பிரேக் கட்டையும் கொடுத்தார் அண்ணன். பார்த்தால் பாதி தேய்ந்து, அழுக்காக, நகத்தால் அழுத்தினால் குழிகிற மாதிரி மெத்தென்று இருந்தது. என் வண்டியிலோ போன மாசம்தான் புதுக் கட்டை போட்டிருந்தேன். 'புதுசு இருக்கும்போது எதுக்குப் பழசு?' என்று கவரைத் தூக்கி டூல் டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். இந்த இடத்தில் மெக்கானிக்கல் மாணவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் தலையில் அடித்துக்கொள்ளலாம். நான் அடித்துக்கொண்டாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை அஞ்சு மணி. மேட்டுப்பாளையத்தில் இருந்து கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூர். பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது அந்த வீல் இருக்கிறதே... ஆஹா! காசு கொடுத்ததற்கு ஒவ்வொரு மிதிக்கும் பதில் சொன்னது. குன்னூரில் வர்க்கியும் டீயும் சாப்பிட்டுவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, இறங்க ஆரம்பித்தேன்.

இறக்கத்தில் எனக்கு முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் மாட்டியது. ஊருக்குப் புதிது போல, பயந்து பயந்து இறங்குகிறது. முந்தவும் முடியாது, ரோடு அப்படி. அதன் வால் பிடித்தே இருபது கிலோமீட்டர் வேகத்தில், ரெண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடி இறங்கினேன். முதலில் ஒரு 'கீச்'. அப்புறம் கீச் என்பது ஓலமாக மாறியது. வேன் ஜன்னலில் இருந்து ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அப்புறம் ஒரு வாசனை. மின்சார அடுப்பில் பிளாஸ்டிக் ஸ்பூனை வைத்துவிட்டால் வருமே, அது. வேனில் இருந்து வருகிறது என்று நினைத்தேன். (நல்ல மனசு எனக்கு!)

பர்லியார் நெருங்கும்போது முன் பிரேக் லீவர் என் விரலுக்குள் 'டக்... டக்... டக்...' என்று அடிக்க ஆரம்பித்தது. வீல் ஒரு சுற்றுக்கு ஒரு அடி. வேகம் குறைந்தால் அடியும் குறைகிறது. அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது. ரிம்மின் ஏதோ ஒரு இடம் மட்டும் கட்டையில் முட்டுகிறது என்று அர்த்தம். எப்படியோ ஓரங்கட்டி நின்றேன். பழக்கடைக்கு முன்னால் இறங்கிக் குனிந்து பார்த்தால், முன் வீலின் பக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு, சப்பாத்தி உப்புகிற மாதிரி உப்பிக்கொண்டிருக்கிறது! விரலை வைத்தேன். சட்டென்று எடுத்தேன். கட்டையைப் பார்த்தேன். கறுப்பு ரப்பரில் மினுக் மினுக் என்று வெள்ளிப் பொடி. இத்தனை நாள் என் அலுமினிய ரிம்மில் இருந்து சுரண்டி எடுத்துச் சேர்த்து வைத்திருந்த உலோகத் துகள். அதை வைத்துத்தான் குன்னூரில் இருந்து கார்பனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மேலே இருந்து அந்தப் பழக்கமான ஹாரன். அப்பா. ஒளிந்தேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும். கேரட் ஏற்றி வந்த ஒரு டாடா ஏஸ்காரர் புண்ணியத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

இரவு, தோசை சம்பவத்துக்கு அப்புறம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், அப்பா திட்டவில்லை. கை கழுவிவிட்டு வந்து வீலை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'எத்தன தூரம் பிரேக்குல கால வெச்சே?' என்றார். சைக்கிளில் கால் இல்லை, கை என்றேன். 'எதோ ஒண்ணு... விடாம புடிச்சியா?' ஆமாம் என்றேன்.

'ஏறுன கியர்லதாஞ் சாமி எறங்கோணும். பிரேக்க நம்பி மலை எறங்குனா டிரம்மு காஞ்சு போகும். அப்பறம் அமுக்குனாலும் நிக்காது. எஞ்சின்தான் வண்டியப் புடிக்கோணும், பிரேக்கு கடைசிலதான்.'

நான் சொன்னேன்: 'எங்க வண்டிக்கு எஞ்சினே நாந்தானுங்கப்பா. இறக்கத்துல ஃப்ரீ வீல் சும்மா சுத்தும்.' அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். 'அப்ப உனக்குப் பிரேக்கு மட்டுந்தான் இருக்குது. அதையாச்சும் பாத்து வாங்கியிருக்கோணும்ல?' என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்க ஊர் மலை ரயிலில் பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் நிற்பார், பார்த்திருப்பீர்கள். கையால் பிரேக் போடுவதற்கென்றே ஓர் ஆள். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம் வரைக்கும் உள்ள பாதை அது. சின்ன வயசில் அதில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று அன்று ராத்திரிதான் புரிந்தது. தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

நான், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 75 கிலோ. குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். பெருக்கினால் சுமார் 11 லட்சம் ஜூல். வெறும் எண்ணாகச் சொன்னால் உறைக்காது. மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. இந்தச் சூட்டைக் காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், டயர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் எல்லாம் நாலு குட்டிக் கட்டைக்கும் ரெண்டு ரிம்முக்கும்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எட்டு சதவிகிதச் சரிவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், கிட்டத்தட்ட பாதி வேலையைக் காற்றே பார்த்துக்கொள்கிறது. இருபதில் இறங்கினால் காற்றின் பங்கு பத்தில் ஒன்றுதான். ஆக, வேனுக்குப் பின்னால் 'பத்திரமாக' மெதுவாக வந்தேனே, அதுதான் ரிம்முக்கு இருப்பதிலேயே மோசமான இறக்கம். அதற்காக நாற்பதில் பறக்கச் சொல்லவில்லை அம்மா தாயே! ஓரமாக நிறுத்தி, ஒரு டீ குடித்து, வேனைப் போகவிட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். பத்து ரூபாய் டீ. முன் வீல் பதினோராயிரம்.

அடுத்த நாள் ஹீட் டிரான்ஸ்ஃபர் எடுக்கிற மேடத்திடம் போய் நின்றேன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கட்டை எதுவானாலும் அதே மலை, அதே எடை, அதே வேகம் என்றால் மொத்தச் சூடும் அதேதானே? சக்தி எங்கேயும் போய்விடாதே? அப்புறம் 'கார்பன் கட்டை போட்டால் சூடு குறையும்' என்கிறார்களே, அது எப்படி?

மேடம் சிரித்தார். 'மொத்தம் அதேதான். ஆனா எங்கே சேருது, எவ்வளவு நேரம் சேருதுன்னு கேளு' என்றார். அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் கெட்டிக்காரி. கட்டை தொட்ட இடத்தில் பிறந்த சூடு அடுத்த நிமிஷம் ரிம் பூரா பரவி, காற்றில் போய்விடும். அலுமினியத்தின் கடத்து திறன் கிட்டத்தட்ட 200 என்றால், கார்பன் நாரை எபாக்ஸி பிசினில் தோய்த்துச் செய்த தகட்டில், தடிமன் வழியாகப் போகிற சூட்டுக்கு அந்த எண் ஒன்றைத் தொட்டாலே அதிகம். சூடு பிறந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். நார் ஒன்றும் ஆகாது. பிசின்தான் பாவம். ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் அது கெட்டித்தன்மை போய் இளகும். சாதாரண எபாக்ஸிக்கு அது 100-க்கு மேல் கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடும். பிரேக் ரிம்முக்கென்றே தயாரிக்கிற உயர் வெப்பப் பிசின்கள் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். என் ஸ்டிக்கர் இல்லாத வீலில் என்ன பிசின் இருந்தது என்பது அதைச் செய்தவருக்கே வெளிச்சம்.

இதோடு டயருக்குள் 100 பி.எஸ்.ஐ. காற்று. சாதா டியூப் டயர் மாட்டுகிற கிளிஞ்சர் ரிம்மில், பக்கச் சுவரை அந்தக் காற்று எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பிசின் இளகிய நொடியில் சுவர் உப்பிவிடும். டயரையே ரிம்மில் ஒட்டுகிற டியூபுலர் வகையில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே வெளியே தள்ளப்படுகிற சுவரே இல்லை.

கட்டையின் வேலை இங்கேதான் வருகிறது. அலுமினியத்துக்கான ரப்பர், கெட்டி உலோகத்தைக் கவ்வுவதற்காகச் செய்தது. அது கார்பன் மேல் பட்டால் ஓரிரு இடத்தில் மட்டும் பிடித்து அங்கேயே சுட்டுவிடும், அல்லது உருகிப் பளபளப்பாகி வழுக்கும். வழுக்கினால் நாம் இன்னும் அழுத்துவோம், இன்னும் நேரம் பிடிப்போம். கார்பன் கட்டையின் கலவை வேறு. சூடு ஏறினாலும் பிடி மாறாமல் இருக்க வேண்டும், ரிம்மை அல்ல, தன்னைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் சீனியர் கொடுத்த கட்டை மெத்தென்று இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் பாட்டில் மூடுகிற கார்க்கையே கட்டையாகப் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், கோரிமா என்ற பிரெஞ்சுக் கம்பெனி தன் கார்பன் வீல்களுக்குக் கார்க் கட்டைதான் கொடுத்தது!

சரி, இப்போது என்ன பண்ணுவது? முன் வீல் காலி. பின் வீல் தப்பித்தது. நிற்கும்போது எடை எல்லாம் முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. அது செத்து, பின்னது பிழைத்தது அதனால்தான். புது ஜோடி வாங்கக் காசு இல்லை. அம்மாவிடம் இன்னும் பத்து மாசத் தவணை பாக்கி. அப்பாதான் வழி சொன்னார்: 'நல்லா நிக்கிற வீல முன்னாடி போடு. அழகு வீல பின்னாடி போட்டுக்க.' பழைய அலுமினிய வீல் முன்னால், கார்பன் பின்னால். பார்க்க வேட்டிக்கு மேல் கோட் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் மலைக்கு இதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் சிக்கல் ரெட்டிப்பானது. ஒரே வண்டியில் இரண்டு விதக் கட்டை! மாறிப்போனால் கதை மறுபடி முதலில் இருந்து.

டூல் டப்பாவைக் கவிழ்த்து அந்தப் பழைய கவரைக் கண்டுபிடித்தேன். நாலில் இரண்டில் தேய்மானக் கோடு இன்னும் இருந்தது. பின்னால் போட இரண்டு போதுமே! சீனியருக்கு போன் போட்டேன். அங்கே நடு ராத்திரி, பாவம். 'அது வீல் வந்த பெட்டிலயே வந்த கட்டைதான், அதேதான் போடணும். நான் சொல்லலை?' என்றார். சொல்லவில்லை. 'கார்பன்ல மட்டும்தானே ஓட்டினீங்க?' என்று சும்மா கேட்டேன். கொஞ்சம் மௌனம். 'ஒரு வாரம்... பழைய அலுமினிய வீல் மாட்டியிருந்தப்போ... கட்டையை மாத்த சோம்பலா இருந்துச்சு பாப்பா.' ஊசியால் கிளறிப் பார்த்தால் உள்ளே வெள்ளிப் பொடி! என்னை மாதிரி இன்னொருத்தர். உப்புத்தாளில் தேய்த்து, துகளைப் பொறுக்கி எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆக, புதுசுதான். கோயம்புத்தூரில் ஒரு கடையில் கேட்டேன். 'எல்லாக் கட்டையும் ஒண்ணுதாங்க' என்றார் கடைக்காரர். இரண்டு வாரத்துக்கு முன்னால் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன்.

முதல் கேள்வி, வடிவம். என் பிரேக் ஷிமானோ. கட்டை மட்டும் கழன்று வருகிற கூடு. ஷிமானோ, ஸ்ராம் இரண்டுக்கும் ஒரே வடிவம், கம்பன்யோலோவுக்கு வேறு. இதைப் பார்க்காமல் வாங்கினால் உள்ளேயே நுழையாது. இரண்டாவது, கலவை. இங்கேதான் பெரிய பள்ளம். ஷிமானோவின் ஆர்55சி4 என்ற கட்டை அலுமினியத்துக்கும் இருக்கிறது, அதே எண்ணில் கார்பனுக்கும் இருக்கிறது! அட்டையில் 'கார்பன்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் போச்சு. நிறத்தையாவது நம்பலாம் என்றால் அதுவும் இல்லை. ஸ்விஸ்ஸ்டாப் கம்பெனியின் நீலக் கட்டை அலுமினியத்துக்கு. ரெனால்ட்ஸ் கம்பெனியின் நீலக் கட்டை கார்பனுக்கு. நீலம்தானே என்று எடுத்தால் நீங்களும் மங்குஸ்தான் கடைக்குப் பின்னால்தான்.

பெயர் உள்ள வீல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. வீல் கம்பெனி எந்தக் கட்டை சொல்கிறதோ, கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்க வேண்டியதுதான். வேறு போட்டால் வாரன்ட்டி கிடையாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். நான் பெயரில்லாத வீல்காரி. அதனால் கார்பனுக்கு மட்டும் என்றே செய்கிற ஸ்விஸ்ஸ்டாப் பிளாக் பிரின்ஸ் எடுத்தேன். நாலு கட்டை, மூவாயிரத்துச் சொச்சம். கறுப்பு இளவரசன் பெயருக்கே பாதிக் காசு என்று அம்மா சொன்னார். எனக்குத் தேவை இரண்டுதான், மீதி இரண்டு அடுத்த தடவைக்கு. முன் வீலுக்கு அலுமினியக் கட்டை புதுசு, அது சில நூறு ரூபாயில் முடிந்தது.

மாட்டும்போது ஒன்றை மட்டும் நாலு தடவை பார்த்தேன். கட்டை நுழைகிற கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். மூடிய முனை வண்டி போகிற திசையைப் பார்க்க வேண்டும். மேலே ரிம் முன்னோக்கித்தான் சுழல்கிறது, கட்டையையும் முன்னே இழுக்கும். திருப்பி மாட்டினால், ஓர் அழுத்து அழுத்தியதும் கட்டை நழுவி ரோட்டில் விழும், நீங்கள் அடுத்த வளைவில். இடம் வலம் குறிப்பும் அம்புக்குறியும் கட்டையிலேயே போட்டிருப்பார்கள். கட்டை டயரைத் தொடக் கூடாது, ரிம்மை விட்டு வெளியேயும் வழியக் கூடாது. கீச் சத்தம் வராமல் இருக்க, கட்டையின் பின் முனைக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகிவிட்டு இறுக்கினேன். முன் முனை முதலில் படும். எங்க தெரு சைக்கிள் கடைத் தாத்தா இதைத் தீப்பெட்டி அட்டையை வைத்து எத்தனையோ வருஷமாகச் செய்கிறார். நான் ஏதோ இன்ஜினீயரிங் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

ரிம்மை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காலி ரோட்டில் இருபது முப்பது தடவை மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட்டு, புதுக் கட்டையைப் பழக்கினேன். ஒரு நாள் மழையிலும் எடுத்துப் பார்த்தேன். முதல் ரெண்டு மூணு சுற்றுக்குப் பின் பிரேக் 'யாருக்கு வந்த விருந்தோ' என்று இருந்தது. தண்ணீரை வழித்த பிறகுதான் கவ்வியது. நனைந்த கார்பனுக்கு இந்தக் குணம் உண்டு. எந்தக் கட்டை போட்டாலும் முழுசாகப் போகாது, முன்கூட்டியே பிடிக்க வேண்டியதுதான்.

அக்காவின் நெயில் பாலிஷில் பின் கட்டைக் கூட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். கார்பன் வீலிலும் அதே சிவப்புப் பொட்டு. வீலைக் கழற்றி மாற்றினால் பொட்டும் பொட்டும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வண்டியை எடுப்பது. அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.

போன மாசம் மறுபடி குன்னூர் போனேன். இறங்கும்போது வளைவுக்கு முன்னால் ஒரு அழுத்து, விடு, அடுத்த வளைவுக்கு முன்னால் ஒரு அழுத்து, விடு. முன்னால் ஒரு தண்ணி லாரி மாட்டியதும் ஓரமாக நின்றுவிட்டேன். பர்லியாரிலும் நின்றேன். ரெண்டு ரிம்மையும் தொட்டுப் பார்த்தேன். முன்னது சுட்டது, பின்னது வெதுவெதுப்பு, உப்பல் இல்லை. அப்போது மேலே இருந்து பஸ் வந்தது. இந்தத் தடவை ஒளியவில்லை. அப்பா வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் கையை நீட்டி என்ன என்று சைகையில் கேட்டார். பையைத் தூக்கிக் காட்டினேன். அரைக் கிலோ வாங்கியிருந்தேன்.

உப்பிய முன் வீலை என்ன பண்ணினேன் என்று கேட்கிறீர்களா? பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார், இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லையே! அம்மா அதை மொட்டை மாடியில் நாலு கம்பி கட்டி நிறுத்தி, அவரைக் கொடி ஏற்றியிருக்கிறார். போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே கொடி நன்றாகவே பிடித்திருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் 'பதினோராயிர ரூவாப் பந்தலுங்க' என்று சொல்லிக் காட்டுகிறார். எட்டுத் தவணை இன்னும் பாக்கி.